பெரிய கல்லூரி எனக்கு நிறையக் கொடுத்தது, 'தெரியாது' என்ற சொல்லை எடுத்துக்கொண்டது

வைப்பாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

என் அப்பா சாத்தூருக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நாற்பது ஆண்டுகளாக இதே தொழில். நாட்டில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் ஒரு கல்லூரியில் எனக்கு மின்பொறியியல் இடம் கிடைத்தபோது, தெரு முழுக்க லட்டு கொடுத்தார். கல்லூரியின் பெயரை எழுதப் போவதில்லை. நான் சொல்ல வருவது அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியதல்ல.

முதலாண்டு முடிந்து மே மாத விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். ஒரு விவசாயியின் 5 குதிரைத்திறன் மோட்டார் கருகிப் பட்டறைக்கு வந்தது. அதற்கு வேண்டிய கேஜ் கம்பி கையிருப்பில் இல்லை. ஒரு கேஜ் மெல்லிய கம்பிதான் இருந்தது. வெளியூர் போய் வாங்கிவர ஒரு நாள் ஆகும். அந்த மனிதரோ மிளகாய்ச் செடி வாடுகிறது என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அப்பா என்னைப் பார்த்து, "மெல்லிய கம்பி தாங்குமா அம்மா?" என்று கேட்டார்.

அப்போது எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அந்தப் பாடம் மூன்றாம் ஆண்டில்தான் வரும். ஆனால் நான் சொன்ன பதில் இது: "அந்த ஊரில் வோல்டேஜ் குறைவு என்கிறீர்களே, அப்படியானால் கரண்டும் குறைவாகத்தான் ஓடும். தாங்கும்." ஓம் விதியைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அப்பா கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தார். "வோல்டேஜ் குறைகிற ஊரிலிருந்துதானே அம்மா மோட்டார் அதிகமாகக் கருகி வருகிறது" என்றார். நான் மறுபடியும் சமன்பாட்டைச் சொன்னேன். அவர் கட்டிக் கொடுத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் மோட்டார் கருகித் திரும்பி வந்தது. அப்பா சொந்தக் காசில் சரியான கம்பி வாங்கி மறுபடியும் கட்டிக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் தூண்டல் மோட்டார் பாடம் வந்தது. கிணற்றிலிருந்து நீரை மேலே தள்ளும் சுமை அப்படியேதான் இருக்கும். மின்னழுத்தம் (வோல்டேஜ்) குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், கம்பி சூடேறும், கருகும். அப்பா அனுபவத்தில் சொன்ன அதே உண்மை. பல ஆண்டு அனுபவ அறிவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஓராண்டு படித்த என் பேச்சை அவர் நம்பினார். ஏன் என்றால் நான் அந்தக் கல்லூரியில் படிக்கிறேன்.

"எனக்குத் தெரியாது அப்பா" என்று சொல்ல என்னால் ஏன் முடியவில்லை? பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் அப்படிப்பட்டவள் அல்ல. அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தேன். புரியாவிட்டால் வகுப்பு முடிந்த பிறகு டீச்சர் பின்னாலேயே நடந்துபோய்க் கேட்பேன். கல்லூரியின் முதல் செமஸ்டரில் அது போனது. விரிவுரை அரங்கில் நூற்றைம்பது பேர். ஆசிரியர் "இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்" என்று தொடங்குவார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு பையன் எழுந்து அடிப்படையான ஒன்றைக் கேட்டான். பின்வரிசையில் சிரித்தார்கள். ஆசிரியர் திட்டவில்லை, "தேர்வில் தேறித்தானே வந்தாய்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு அரங்கில் இருந்த எல்லோரும் பாடம் படித்துக்கொண்டோம். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும் பாடம்.

எனக்கு இப்போது 33 வயது. நல்ல வேலை, நல்ல சம்பளம். அந்தப் பட்டம் திறந்துவிட்ட கதவுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரிய கல்லூரியால் வரும் இழப்பைப் பற்றித் தமிழில் யாரும் பேசுவதில்லை. உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

தரமணி_நிழல்

மதிப்போடு மறுக்கிறேன் சகோதரி.

நானும் முதல் தலைமுறைப் பட்டதாரி. அம்மா சத்துணவு சமையலர். 17 வயது வரை நான் பார்த்த பெரிய நூலகம் எங்கள் ஊர்க் கிளை நூலகம். சென்னை ஐ.ஐ.டி. நூலகத்துக்குள் முதன்முறை போனபோது எந்த அலமாரியிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் மாடிமாடியாக நடந்தேன். நள்ளிரவில் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து எண் கோட்பாட்டைப் பற்றிச் சண்டை போட நான்கு பேர் கிடைத்தார்கள். அப்படிப்பட்ட நான்கு பேர் என் ஊரில் நூறு ஆண்டு காத்திருந்தாலும் கிடைத்திருக்க மாட்டார்கள். அங்கேதான் நான் கேள்வி கேட்கவே கற்றுக்கொண்டேன்.

கூச்சத்தைக் கல்லூரியின் தலையில் சுமத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு "நமக்கு அது வேண்டாம்" என்று ஒதுங்கினால் அந்த இடத்தில் போய் உட்காரப்போவது யார்? அதை யோசித்து எழுதுங்கள்.

வைப்பாற்றங்கரை

உங்கள் கடைசி வரி நியாயமானது. யாரும் ஒதுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போகிறவர்களுக்கு என்ன நேர்கிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்கிறேன். அந்த நான்கு பேர் உங்களுக்குக் கிடைத்தார்கள். எங்கள் விடுதியில் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பதும் கிடைக்காததும் அறை ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பொறுத்தது என்றால் அது கல்வியின் குறைதானே?

பழைய_கரும்பலகை

இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் 31 ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். "தேர்வில் தேறித்தானே வந்தாய்?" என்ற அந்த வாக்கியத்தைப் படித்ததும் சற்று நேரம் எழுந்து நடந்தேன். அதை நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை அல்ல.

நடப்பது என்ன என்று உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2024ஆம் ஆண்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி.க்குப் போக முதற்படியான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை எழுதியவர்கள் ஏறத்தாழ 14 லட்சம். அதிலிருந்து வடிகட்டப்பட்டு, அட்வான்ஸ்டு தேர்வின் இரண்டு தாள்களையும் எழுதியவர்கள் 1,80,200. தேறியவர்கள் 48,248. 23 ஐ.ஐ.டி.க்களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 17,740. இந்தச் சல்லடைகளைத் தாண்டி வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பள்ளியில் முதல் மாணவன், முதல் மாணவி. வந்த இரண்டாம் மாதம் முதல் தேர்வு நடக்கிறது. எங்கள் மதிப்பீடு ஒப்பீட்டு முறையில் நடப்பது. வகுப்புச் சராசரி 38 என்றால் 38 வாங்கியவர் நடுவில் நிற்பார். அத்தனை பேரும் நன்றாகவே படித்திருந்தாலும் பாதிப் பேர் நடுக்கோட்டுக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். இது அவர்களுடைய திறமையைப் பற்றிய செய்தியே இல்லை, வெறும் கணக்கு. ஆனால் 18 வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. வாழ்நாளில் முதன்முறையாக 'டி' கிரேடு பார்க்கும் பிள்ளை, தன்னைப் பற்றி இதுவரை எல்லோரும் சொன்னது பொய் என்றே முடிவு கட்டுகிறது.

இன்னொன்று. ஆசிரியருக்குப் பதவி உயர்வு ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டு வருகிறது. முதலாண்டு மாணவனுக்கு ஓம் விதி எந்த இடத்தில் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது என்று பொறுமையாகச் சொல்லித் தந்ததற்காக யாருக்கும் உயர்வு கிடைத்து நான் பார்க்கவில்லை. உங்கள் அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்ல உங்களுக்குப் பட்டறையில் ஒரு வாரம் போதும், அம்மா. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐ.ஐ.டி. தொடங்கப்பட்டபோது அங்கிருந்து பேராசிரியர்களும் தொழில்நுட்பர்களும் வந்து ஆய்வகங்களோடு பட்டறைகளையும் அமைத்துத் தந்தார்கள். கையால் செய்து பார்க்காத பொறியாளரை அவர்கள் பொறியாளராகவே கருதவில்லை. பொதுவாக நம் உயர்கல்வியில் அந்த மனப்பான்மை தேய்ந்துபோனது. காகிதத்தில் கணக்குப் போடுகிறவர் மேல், காயில் கட்டுகிறவர் கீழ் என்ற பழைய எண்ணம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

செங்கம்_அப்பா

எனக்கு இந்த இழை கடவுள் அனுப்பியதுபோல் இருக்கிறது. எல்லோரும் ஆலோசனை சொல்லுங்கள்.

என் மகனுக்கு இந்த ஆண்டு இரண்டு வாய்ப்புகள். வட இந்தியாவில் ஓர் ஐ.ஐ.டி.யில் சுரங்கப் பொறியியல் கிடைக்கும். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் அவன் கட்-ஆஃப் 198.5, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் கிடைக்க நல்ல வாய்ப்பு. அவனுக்கு வானொலி என்றால் உயிர். பழைய டிரான்சிஸ்டர்களை வாங்கிவந்து பிரித்துப் போட்டு, பாடவைக்கிறான். சுரங்கம் என்ன என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் உறவினர்கள், பள்ளி முதல்வர், பயிற்சி மையத்தார் அத்தனை பேரும் "ஐ.ஐ.டி. முத்திரை வந்துவிட்டால் போதும், பாடம் எதுவாக இருந்தால் என்ன?" என்கிறார்கள். பயிற்சி மையத்தார் அவன் படத்தைப் போட்டு பேனர் அச்சடிக்கக் கொடுத்துவிட்டார்கள். கிண்டியைத் தேர்ந்தெடுத்தால் நான் அவனுக்குத் துரோகம் செய்ததாக ஆகுமா?

எண்ணிக்கை_முக்கியம்

செங்கம் ஐயாவுக்கு ஒரு தகவல். அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் இருவரும் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1976இல் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். மிகப் பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் சாதாரணக் கல்லூரியில் படித்தவர்களின் பிற்கால வருமானம், பெரிய கல்லூரியில் படித்தவர்களின் வருமானத்துக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. சம்பாதிக்கவைத்தது அந்தப் பிள்ளைகளின் திறமையும் முனைப்பும்தான் என்பது அதன் பொருள். ஆனால் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பெரிய கல்லூரி உண்மையாகவே கூடுதல் பலன் தந்தது.

2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது. ஹார்வர்ட், யேல் போன்ற கல்லூரிகளில் படிப்பதால் சராசரி வருமானம் பெரிதாகக் கூடுவதில்லை என்றும், உச்சியில் இருக்கும் 1 சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்புதான் கணிசமாகக் கூடுகிறது என்றும் கண்டார்கள். ஒரே அளவு மதிப்பெண் இருந்தாலும் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அங்கே சேரும் வாய்ப்பு இருந்தது என்பதையும் காட்டினார்கள்.

அது அமெரிக்கா, இங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "முத்திரை போதும்" என்று பேனர் அடிப்பவர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நீலவானம்

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். தொடங்கிய அக்கா சொன்னது எனக்கும் நடந்தது, ஆனால் வேறு விதமாக.

விடுதியில் முதல் நாள். பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை. பக்கத்து அறைக்காரன் வந்து பெயர் கேட்கவில்லை, "உன் ரேங்க் என்ன?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். எண்ணைச் சொன்னால் நான் எந்தப் பட்டியலில் வந்தேன் என்பது வெளியாகிவிடும். சொல்லாவிட்டாலும் வெளியாகிவிடும். 1973இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐ.ஐ.டி.க்களில் இட ஒதுக்கீடு வந்தது. என் அப்பா பிறக்கும் முன்னரே வந்த சட்ட உரிமை அது. இன்னும் அந்த முதல் கேள்வி மாறவில்லை.

அக்கா, நீங்கள் வகுப்பில் "தெரியாது" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நான் சொல்லியிருந்தால் "அதுதான் கோட்டா" என்றிருப்பார்கள். என் அறியாமை என்னுடையதாக இருக்க முடியாது. அது என் மக்கள் அத்தனை பேரின் கணக்கிலும் எழுதப்படும். அதனால் நான்கு ஆண்டுகளில் வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. நான்கு ஆண்டுகள். எவ்வளவு கற்றிருப்பேன் என்று நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

2023 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன எண்களை வைக்கிறேன். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஐ.ஐ.டி.க்களிலிருந்து படிப்பை விட்டு வெளியேறிய இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 2,066 பேர், பட்டியல் சாதியினர் 1,068 பேர், பழங்குடியினர் 408 பேர். வேறு வாய்ப்புகளைத் தேடிப் போகிறார்கள் என்பது அரசின் விளக்கம். சிலர் அப்படிப் போயிருக்கலாம். என் அறைத்தோழன் அப்படிப் போகவில்லை. அவனுக்கு ஒரு பாடம் புரியவில்லை, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இப்போது ஊரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். எங்கள் வகுப்பில் மின்சுற்றுகளை அவனைவிட வேகமாகப் படிக்கத் தெரிந்தவன் எவனும் இல்லை.

தரமணி அண்ணா, நாங்கள் ஒதுங்க மாட்டோம். அது எங்கள் இடமும்தான். ஆனால் உள்ளே போனவனுக்கு வாய் இருக்க வேண்டும்.

தரமணி_நிழல்

தம்பி, படித்தேன். "கூச்சம்" என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் அந்த நான்கு பேரில் ஒருவர்கூட உன்னிடம் பேசியிருக்க மாட்டார்களோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் விடுதியிலும் ரேங்க் கேட்பது இருந்தது. நானும் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் என்ன என்று அன்றைக்கு யோசித்ததே இல்லை.

பாலிடெக்னிக்_97

நான் டிப்ளமோ படித்தவன். ஓசூரில் சிறிய அளவில் இயந்திர பாகங்கள் செய்கிறோம், 46 பேர் வேலை செய்கிறார்கள். கல்லூரிப் பெருமை பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை. வேலையில் பார்த்ததைச் சொல்கிறேன்.

மிகப் பெரிய கல்லூரியிலிருந்து வந்த ஒரு பையன் வரைபடத்தில் ஒரு டாலரன்ஸை (அளவில் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதை) தவறாகக் குறித்துவிட்டான். இரண்டாம் நாளே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து தானே சரிசெய்யப் பார்த்தான். அதற்குள் 1,200 பாகங்கள் கடைந்து முடிந்தன. அத்தனையும் பழைய இரும்பு. "ஏன் தம்பி அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டேன். "இதுவரை நான் தவறு செய்ததாக யாரிடமும் சொன்னதில்லை சார்" என்றான். திமிரில் சொல்லவில்லை. முகம் வெளிறிப்போய்ச் சொன்னான். எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை.

அதே கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணும் வந்தாள். முதல் நாளே எங்கள் கடைசல்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "அண்ணே, எனக்கு இதை இயக்கத் தெரியாது, சொல்லித் தாருங்கள்" என்றாள். ஆறு மாதத்தில் எங்கள் பட்டறையையே திருத்தி அமைத்தாள். ஆக எல்லோரையும் அந்தக் கல்லூரி ஒரே மாதிரி ஆக்குவதில்லை. அவள் எப்படித் தப்பித்தாள் என்று கேட்டேன். இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தில் தோற்று, மறுபடியும் எழுதினாளாம். "அதற்குப் பிறகு பயம் போய்விட்டது" என்றாள்.

பாரிஸ்_நல்லூரான்

பாரிஸிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். இந்த நாட்டிலும் இதே நோய் இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கே பல்கலைக்கழகங்களுக்கு மேலாக 'கிராந்த் எக்கோல்' என்று தனி உயர்கல்லூரிகள் உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தொடங்கிய எக்கோல் பொலிடெக்னிக் அவற்றில் தலையாயது. (அது தொடங்கிய 1794ஆம் ஆண்டில்தான் கிண்டிக் கல்லூரியின் மூலமான நில அளவைப் பள்ளியும் சென்னையில் தொடங்கியது. செங்கம் ஐயா இதை உறவினர்களிடம் சொல்லலாம்.) இவற்றில் நுழைய, பள்ளி முடித்த பிறகு இரண்டு ஆண்டுகள் 'பிரெப்பா' என்ற ஆயத்த வகுப்பில் படிக்க வேண்டும். என் மகள் அதில் படித்தாள். அந்த இரண்டு ஆண்டுகளும் அவள் எங்களோடு ஒரு திருவிழாவுக்கு வரவில்லை. அம்மம்மா இறந்தபோதுகூட அடுத்த நாள் தேர்வு என்று போய்விட்டாள். அவள் கல் நெஞ்சக்காரி அல்ல. அங்கே அப்படித்தான் பழக்குகிறார்கள்.

ஆனால் ஒரு நல்ல வழக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரெப்பாவில் வாரந்தோறும் 'கோல்' என்ற வாய்மொழித் தேர்வு உண்டு. மூன்று பிள்ளைகள், ஓர் ஆசிரியர், கரும்பலகை. பலகையில் நின்று கணக்கைச் செய்து காட்ட வேண்டும். தெரியாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும், ஒளிக்க வழியில்லை. மகள் முதல் வாரம் 20க்கு 4 வாங்கினாள். அழுதாள். நான்காம் மாதம் "அப்பா, இன்றைக்கு எனக்குத் தெரியாத இடத்தைச் சரியாக எடுத்துச் சொன்னேன், ஆசிரியர் பாராட்டினார்" என்றாள். வைப்பாற்றங்கரை தங்கை கேட்கும் அந்தச் சொல்லை அங்கே பலகையில் வைத்துச் சொல்லவைக்கிறார்கள்.

நாட்டின் மேலிடத்துக்கு ஆட்களை அனுப்பிய நிர்வாகப் பள்ளியான ஏனா 1945இல் தொடங்கியது. நான்கு குடியரசுத் தலைவர்கள் அதில் படித்தவர்கள். சாதாரண மக்களின் வாழ்க்கை தெரியாதவர்கள் ஆளுகிறார்கள் என்ற கோபம் 2018இன் மஞ்சள் அங்கிப் போராட்டத்தில் வெடித்தது. அங்கே படித்த குடியரசுத் தலைவர் மக்ரோனே 2021இல் அதை மூடுவதாக அறிவித்தார், 2022இல் வேறொரு நிறுவனம் அதன் இடத்துக்கு வந்தது. பெயர்ப்பலகை மாறியதால் மட்டும் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆயினும், குறை இருக்கிறது என்று ஒரு நாடு வாய்விட்டுச் சொன்னதை மதிக்கிறேன்.

மட்டுறுத்துநர்

நல்ல உரையாடல். சில தனிச்செய்திகள் வந்ததால் இதை இங்கே இடுகிறேன். படிப்புச் சுமையால் மனம் உடைந்திருப்பவர்கள், அல்லது அப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோர், இரவு பகல் எந்நேரமும் 14416 என்ற தேசிய எண்ணையோ, தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணையோ அழைக்கலாம். கட்டணம் இல்லை. தயங்காதீர்கள்.

வைப்பாற்றங்கரை

நீலவானம் தம்பிக்கு: நான் இழந்ததாக நினைத்தது, உங்களுக்கு முதலிலேயே மறுக்கப்பட்டிருக்கிறது. இழையின் தலைப்பை எழுதியபோது இது எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அறைத்தோழரிடம், அவர் கடைக்கு எங்கள் அப்பா பட்டறையிலிருந்து ஒரு வணக்கம் என்று சொல்லுங்கள்.

பாலிடெக்னிக் ஐயாவுக்கு: அந்த வெளிறிய முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். என் முதல் வேலையில் ஒன்றரை ஆண்டு காலம், கூட்டங்களில் புரியாத சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தேடுவேன். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டால் அரை நிமிட வேலை.

சென்ற ஆண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு ஆறு வாரம் அப்பா பட்டறையில் உட்கார்ந்தேன். 36 காடி (காயில் உட்காரும் பள்ளம்) உள்ள மோட்டாரில் எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிக்குக் காயில் போக வேண்டும் என்று அவர் விரலால் எண்ணிக் காட்டினார். எனக்கு வரைபடமாகத் தெரியும், கையில் வராது. முதல் காயிலை மூன்று முறை அவிழ்த்தேன். "தெரியவில்லை அப்பா, இன்னொரு முறை காட்டுங்கள்" என்று சொன்னபோது அவர் ஏறிட்டுப் பார்த்தார். பழைய மோட்டாரின் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. காயிலை நூலால் கட்டி, வார்னிஷ் ஊற்றி, வெயிலில் வைத்துவிட்டு இருவரும் டீ குடித்தோம்.

செங்கம் ஐயா, எங்கே அனுப்புவது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பிள்ளையிடம் கேட்டீர்களா?

பழைய_கரும்பலகை

செங்கம் நண்பரே, என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சுரங்கப் பொறியியல் தாழ்ந்த படிப்பு அல்ல. அதை விரும்பிப் படித்தவர்கள் நாட்டுக்குப் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அதை விரும்பாமல், கல்லூரியின் பெயருக்காக மட்டும் எடுத்துவிட்டு, முதல் வாரமே துறை மாற வழி உண்டா என்று என் அறை வாசலில் வந்து நின்ற பிள்ளைகள் ஆண்டுதோறும் இருந்தார்கள். துறை மாறுவதற்கு முதலாண்டில் மிக உயர்ந்த கிரேடு வேண்டியிருந்தது. வெறுக்கும் படிப்பில் அதை எடுப்பது எத்தனை கடினம் என்று பாருங்கள். வானொலியைப் பிரித்துப் போடும் பையன், எந்த ஊரில் இருந்தாலும் அதைப் பிரித்துப் போட இடம் இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

தரமணி_நிழல்

இதில் மட்டும் ஐயாவோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. 17 வயதில் ஒருவனுக்குப் பிடித்தது 21 வயதில் பிடிக்கும் என்று யார் சொன்னது? வெளியூர், வேறு மொழி, வேறு மனிதர்கள் என்று பார்ப்பதும் கல்விதான். வீட்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் வந்துபோகும் தொலைவிலேயே படித்தால் சில கண்கள் திறக்காது. போகட்டும் என்றே சொல்வேன். ஆனால் போகும் முன், "ரேங்க் என்ன?" என்று யாரையும் கேட்காதே என்று சொல்லி அனுப்புங்கள்.

செங்கம்_அப்பா

எல்லோருக்கும் நன்றி. இழை முழுவதையும் மகனிடம் படிக்கக் கொடுத்தேன். இரவு வெகுநேரம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தான். பேனர் வேண்டாம் என்று பயிற்சி மையத்தாரிடம் அவனே போய்ச் சொல்லிவிட்டான், அதுவரை நல்லது.

பிறகு என்னிடம் ஒன்று கேட்டான். "அப்பா, அங்கே போய் எனக்கு ஒன்று புரியவில்லை என்றால் யாரிடம் கேட்பது?" இரண்டு இடத்துக்கும் அதே கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. நான் பத்தாம் வகுப்பு.

விருப்பப் பட்டியலைப் பூட்ட இன்னும் நான்கு நாள் இருக்கிறது. கிண்டியில் மின்னணுவியல் இரண்டாம் ஆண்டு படிப்பவர், சுரங்கப் பொறியியல் படிப்பவர் யாராவது இங்கே இருந்தால் அவனோடு பேச முடியுமா? கட்-ஆஃப், சம்பளம் பற்றி அவன் கேட்கப் போவதில்லை. வகுப்பில் யாராவது கை தூக்குகிறார்களா, தூக்கினால் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டுமாம்.

நீலவானம்

ஐயா, என் தங்கை கிண்டியில் இரண்டாம் ஆண்டு. வேறு துறை, ஆனால் முதலாண்டில் எல்லாத் துறையினருக்கும் பாடங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் பேசுவாள். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

பழைய_கரும்பலகை

சுரங்கப் பொறியியல் கற்பிக்கும் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். இன்று மாலை அவரோடு பேசிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். பையனிடம் சொல்லுங்கள், அவரிடம் இதே கேள்வியை இதே சொற்களில் கேட்கட்டும்.